இருபதாம் தாள்

1986 ஜூலை 6, ஞாயிறு

சிட்டு, இன்றைக்கு அந்தத் தேவநாதன் வந்தான். திண்டிவனத்தில் டிராயிங் ஆபீசில் உனக்குப் பக்கத்து வரைபலகையில் வேலை பார்த்தவன். நீ படுத்திருந்தபோது ஆஸ்பத்திரிக்கு இரண்டு தரம் வந்தான். உன்னை எடுத்த அன்றைக்கும் வந்து வாசலில் நின்றான். அதற்குப் பிறகு இன்றைக்குத்தான்.

வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. "அம்மா, தையல்நாயகி ஒரு படம் வரைஞ்சிக்கினு இருந்தாங்களே, அது வேணும்" என்றான். உன்னைத் தையல்நாயகி என்று வெளியாள் வாயால் கேட்கிறபோது வேறு யாரையோ சொல்கிறான் என்று இருக்கிறது.

"படமும் இல்ல ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டேன்.

"பச்சைப் பெட்டியில துணிக்கடியில வச்சிருப்பாங்க" என்றான்.

நம்ம வீட்டுப் பெட்டியில், துணிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று இவனுக்கு எப்படித் தெரியும்?

இது உன் டைரி. மார்ச் 19 வரைக்கும் உன் எழுத்து இருக்கிறது, பஸ் நேரமும் மழையும். அதற்குப் பிறகு வெறும் தாள். நான் ஐந்தாவது வரை படித்தவள், எழுத்து கோணல்தான். யாரிடமும் சொல்ல முடியாததை இதில் சொல்லி வைக்கிறேன்.

ஜூலை 7

வாழைப்பழத்தைத் தொடவில்லை. கறுத்துப் போச்சு.

ஜூலை 9, புதன்

பெட்டியைத் திறந்தேன். மூன்று மாதமாகத் திறக்கவில்லை. உன் துணியில் இன்னும் அந்த அம்மோனியா நெடி, கண்ணைக் கரிக்கிறது. நீ ஆபீசில் பிரிண்ட் போட்டுவிட்டு வந்த நாளில் எல்லாம் குளிச்சிட்டு வாடி என்று விரட்டுவேன். இன்றைக்கு அதை முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

துணிக்கு அடியில் சுருட்டிய தாள்கள். அவன் சொன்ன இடத்திலேயே இருந்தது. பதினாறு. கதவுக்குப் பின்னால் தகரக் குழாயில் இன்னும் மூன்று. அந்தக் குழாய் யார் கொண்டுவந்து கொடுத்தது? அவன்தான். நீ ஆபீசில் மயங்கி விழுந்த அன்று உன்னைப் பஸ் ஏற்றி அனுப்பினார்கள். குடை, டிபன் டப்பா, குழாய் மூன்றையும் அவன் இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்தான். இரண்டு நாள் அது யாரிடம் இருந்தது?

ஒரு தாளைக் கட்டிலில் விரித்தேன். மலை, காடு, கோட்டை. "நிழல் பிடுங்கி இருக்கும் கிணறு." "மூன்று தலை நாகத்தின் சுங்கச்சாவடி." ஒன்றும் நம்ம பக்கத்து ஊர் இல்லை. இதைத்தான் விளையாட்டு, விளையாட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தாயா? ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை, யார் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம், ஜெயிக்கிறதே கிடையாது என்பாய். ஒரு ஆட்டம் வாம்மா என்று கூப்பிட்டாய். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். உனக்கு வேற வேலை இல்லையா என்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

வீட்டில் நாலு தாளுக்கு மேல் விரிக்க இடமில்லை. சத்துணவுக் கூடத்துச் சாவி என்னிடம்தானே இருக்கிறது. காலையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தரையைத் துடைத்துவிட்டு விரித்தேன்.

எது பக்கத்தில் எது என்று முதலில் புரியவில்லை. பிறகு கண்டுபிடித்தேன் சிட்டு. ஒவ்வொரு தாளின் தலையிலும் அதன் நம்பர். ஓரங்களில் பொடியாக வேறு நம்பர். நாலாம் தாளின் வலது ஓரத்தில் 5. ஐந்தாம் தாளின் இடது ஓரத்தில் 4. அந்த ஓரத்துக்குப் பக்கத்தில் எந்தத் தாள் வரவேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறாய். அதன்படி வைத்தால் ரோடு ரோட்டோடு சேருகிறது, ஆறு ஆற்றோடு சேருகிறது. நீ இருந்தால் எங்கம்மாவுக்கு மூளையைப் பாரு என்று சிரித்திருப்பாய்.

எண்பது பிள்ளைகள் பந்தியில் உட்காருகிற கூடத்தில் பாதிக்கு மேல் உன் நாடு. நடுவில் மூன்று தாளுக்கு வெள்ளையாக ஒன்றுமே இல்லை. உப்புக்காடு என்று பேர் மட்டும். கீழே உன் எழுத்தில்: "இங்கே ஒன்றும் இல்லை. நடந்துதான் ஆகவேண்டும்."

எல்லாம் வைத்து முடித்த பிறகுதான் பார்த்தேன்.

பத்தொன்பதாம் தாளின் வலது ஓரத்தில் 20 என்று இருக்கிறது. கீழ் ஓரத்தில் 21. பதினேழில் 22. பதினெட்டில் 23. அந்த நாலு தாளும் இல்லை.

அதைவிட ஒன்று. பத்தொன்பதில் ஒரு பொம்பளை தலையில் கூடையோடு போகிறாள். முதுகும் பின்னங்காலும் கூடையில் பாதியும்தான் இருக்கிறது. மீதி உடம்பு ஓரத்தில் நின்றுபோய்விட்டது. தாளைக் கிழித்த மாதிரியும் இல்லை, கத்தரித்த மாதிரியும் இல்லை. பென்சில் கோடு நேராகப் போய் ஓரத்தில் முடிகிறது. அப்போ அவளுடைய மீதி உடம்பு இருபதாம் தாளில்தானே இருக்கும்?

குழாய் அவன் கையில் இரண்டு நாள் இருந்தது.

ஜூலை 14

சோறு பொங்கும்போதும் இதே நினைப்பு. பருப்பில் இரண்டு தரம் உப்பு போட்டுவிட்டேன். பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள்.

ஜூலை 16, புதன்

மறுபடி வந்தான். இந்தத் தரம் பச்சை மல்லாட்டை. கிளியனூரில் அவர்கள் நிலத்தில் விளைந்த வேர்க்கடலையாம். விரட்டாமல் பேச்சுக் கொடுத்தேன். அவன் வாயிலிருந்தே வரட்டும் என்று.

"எதுக்குப்பா உனக்கு அந்தப் படம்?"

பாண்டிச்சேரியில் அவன் மாமா மகனிடம் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறதாம். டிவியில் மாட்டினால் அதில் ஆளை நடக்கவிடலாமாம். உன் படத்தை அதற்குள் போடுவது என்று நீயும் அவனும் பேசி வைத்திருந்தீர்களாம். "அவங்க வரையறது, நான் டைப் அடிக்கிறதுன்னு பேச்சும்மா. ஆனா மிஷின்ல எடம் கம்மி. ஆறு தாளுதான் தாங்கும். அந்த உப்புக்காடெல்லாம் எதுக்கு, வெட்டிடலாம்னு நான் சொன்னேன். அவங்க விடல. ஆடிக்கினு இருக்கறவனுக்கு இந்தப் பக்கம் இன்னும் ஊர் இருக்குன்னு தோணிக்கினே இருக்கணுமாம். தெனமும் இதே சண்டைதான்."

"மொத்தம் எத்தினி தாளு?" என்று கேட்டேன். எப்படிக் கேட்டேன் தெரியுமா, முறத்தைப் பார்த்துக்கொண்டே.

"பத்தொம்பதும்மா." யோசிக்கவே இல்லை, டக்கென்று வருகிறது. என் வீட்டுப் பெட்டியில் இருக்கிற கணக்கு அவன் நாக்கு நுனியில் இருக்கிறது.

"இருவதாவது?"

முழித்தான். "இருவது ஏதும்மா?"

பொய் சொல்கிறவனுக்குக் காது சிவக்கும் என்பாய். இவனுக்குச் சிவந்தது. நான் பார்த்தேன்.

ஆறு தாள் போதும் என்கிறவனுக்குப் பத்தொன்பதும் எதுக்கு? மீதியை என்ன பண்ணுவான்? எவனிடமாவது கொடுத்து நானே போட்டேன் என்று பேர் வாங்கிக்கொள்வான். செத்தவள் வந்தா கேட்கப்போறா.

இன்னொன்று. கேட்க வாய் வரவில்லை. இங்கே எழுதவும் கை வரவில்லை. தெனமும் சண்டை போடுகிற அளவுக்கு இவன் உனக்கு யார்?

ஜூலை 20

ஓரத்து நம்பர்களை மறுபடி பார்த்தேன். நான் நினைத்தது சரிதான். நாலு தாள் களவு போயிருக்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

லீவு சொல்லிவிட்டுப் பத்தொன்பதாம் தாளை மட்டும் சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். விக்கிரவாண்டியில் பஸ் அரைமணி நேரம் நின்றது. இறங்கித் திரும்பிவிடலாமா என்று ஒரு தரம் தோன்றியது. திரும்பவில்லை.

ஓனர் கோதண்டபாணி ஐயா இருந்தார். அவனும் இருந்தான். பிரிண்ட் போடுகிற கிளியம்மாள் என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தது. நான் அழவில்லை. நேராக ஓனரிடம் போய்ச் சொன்னேன்: "ஐயா, எம்பொண்ணு வரைஞ்ச படத்துல நாலு தாளை இவன் எடுத்துக்கினான். கேட்டு வாங்கிக் குடுங்க."

ஓனர் தாளைக் கையில் வாங்கினார். உன் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பினார். பின்பக்கம் மனை பிளான், அவர் கடை முத்திரை.

"இது எங்க பேப்பராச்சே. கெட்டுப்போன பிரிண்ட்டா இருந்தாலும் என்னைக் கேக்காம ஒரு துண்டு வெளிய போகக்கூடாதுன்னு சொல்லியிருக்கேனா இல்லியா? எவனோ மனைக்காரன் கையில கெடைச்சா என் பேரு நாறிடும். யாரு எடுத்தது?"

இது நான் நினைத்துப் போனது இல்லையே. நீ வீட்டுக்குக் கொண்டுவந்த தாள் எல்லாம் இவர்கள் தாளா?

அவன் எழுந்தான். "நான்தான் சார் எடுத்தேன்."

"எதுக்குடா?"

"நான்தான் சார்."

அதோடு சரி. ஓனர் அவனை அப்போதே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். அவன் சட்டையைச் சரிபண்ணிக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான். ஓனர் மேஜையில் போட்ட தாளை நான் சுருட்டி எடுத்துக்கொண்டேன்.

ஒத்துக்கினான் சிட்டு. எடுத்தேன்னு அவன் வாயாலேயே ஒத்துக்கினான்.

ஜூலை 23

ஒத்துக்கொண்டான் என்றால் ஏன் எனக்குச் சோறு இறங்கவில்லை?

ஜூலை 27

அவன் ஒத்துக்கொண்டது எதை?

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

கேப்பைக் கூழ் கொஞ்சம் காய்ச்சி உனக்கு வைத்தேன். முருங்கைக்கீரை கிடைக்கவில்லை. வெங்காயம்தான்.

மத்தியானம் கிளியம்மாள் வந்தது. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டது: "ஏன்க்கா, நீ பண்ணினது உனக்கே நல்லாருக்கா?"

உள்ளே வந்து ஒரு பிரிண்ட்டை என் முன்னால் போட்டது. ஏதோ மனைப் பிரிவு. தலையில் 5 என்று இருந்தது. வலது ஓரத்தில் 6.

"இந்த ஆறாம் தாளு எங்க சொல்லு?"

"யாரு எடுத்தாங்க?" என்றேன்.

தலையில் அடித்துக்கொண்டது. "அக்கா, ஆறாம் தாளுக்கு இன்னும் அளக்கவே இல்ல. அந்த நெலத்துல இப்ப கரும்பு நிக்கிது. பின்னால வரும்னு ஓரத்துல மொதல்லியே நம்பர் போட்டு வைப்போம். எங்க வேலையே அப்படித்தான். சிட்டு வேலைப்பழக்கத்துல அதையே தன் படத்துலயும் போட்டுக்கினா. இருவதும் இல்ல, இருவத்தி மூணும் இல்ல. அவ வரையல. வரையறதுக்குள்ள படுத்துட்டா."

நான் விடவில்லை. "அந்தப் பொம்பளை? பாதி உடம்பு எங்க போச்சு?"

"அது எனக்குத் தெரியாது" என்றது. பிறகு, "பேப்பர் எடுத்தது யாருன்னாவது உனக்குத் தெரியுமா? சிட்டுதான். குப்பையில போறதை நாந்தான் எடுத்துக்கோன்னு குடுத்தேன். தேவநாதன் அன்னிக்கி உண்மையை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா செத்தவ பேரும் கெட்டிருக்கும், என் வேலையும் போயிருக்கும். நானும் வாயை மூடிக்கினு நின்னேன். உன்னை மட்டும் சொல்லி என்ன?"

கூழை ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனது.

நம்பலாமா? அவனுக்காகப் பேச வந்திருக்குமோ? பாதிப் பொம்பளைக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கிளியம்மாள் ஸ்கூலுக்கே ஆள் சொல்லி அனுப்பியது: உடனே வா, அந்தத் தாளை எடுத்துக்கினு வா.

ஓனர் சைட்டுக்குப் போயிருந்தார். உன் இடத்துக்கு அவர் இன்னும் ஆள் வைக்கவில்லை. உன் பலகையைச் சுவர் பக்கம் திருப்பிச் சாத்தி வைத்திருந்தார்கள். கிளியம்மாள் அதைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் போட்டது.

"நீ சொன்னதே மண்டையில ஓடிக்கினு இருந்துச்சு. நேத்து சாயந்திரம் திருப்பிப் பாத்தேன். ஜல்தியா பாருக்கா, அவர் வந்துடுவாரு."

வெறும் மரம். மை, கீறல், குண்டூசி ஓட்டை. தாளை வைக்கச் சொன்னது. உன் தாளில் நாலு மூலையிலும் ஓட்டை இருக்கிறது. பலகையின் நாலு ஓட்டையில் அது அப்படியே உட்கார்ந்தது.

தாளின் ஓரம் முடிகிற இடத்தில் அவளுடைய மீதி உடம்பு மரத்தில் இருந்தது.

மங்கல்தான். கூடையின் அந்தப் பாதி, முகம், முன்னங்கால். தாளை விட்டுப் பென்சில் மரத்துக்கு இறங்கினதைக்கூடப் பார்க்காமல் வரைந்துகொண்டே போயிருக்கிறாய். அன்றைக்கே உனக்குக் கண் மங்கியிருந்ததா? இல்லை, தாள் முடிந்தால் என்ன என்று போனாயா? பலகைக்கு எதிரில் உட்கார்ந்து அழுதேன் சிட்டு. இத்தனை மாதமாக வராதது வந்தது.

அவள் ஒரு கையால் கூடையைப் பிடித்திருக்கிறாள். இன்னொரு கையை முன்னால் நீட்டியிருக்கிறாள். விரல்கள் எதையோ பிடித்த மாதிரி மடங்கியிருக்கின்றன. பிடித்தது எது என்று இல்லை. அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

களவு ஒன்றும் போகவில்லை. நான் ஒருத்தன் வேலையைப் போக்கிவிட்டேன்.

ஓனர் வரும் வரைக்கும் உட்கார்ந்திருந்து சொன்னேன், நான் சொன்னது தப்பு, படத்தில் ஒன்றும் குறையவில்லை என்று. பேப்பர் விஷயம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் கிளியம்மாள் வேலை போகும். "அது முடிஞ்சு போச்சும்மா, ஆவணியில வேற ஆள் வர்றான்" என்றார். பலகையைக் கேட்டேன். "பழைய பலகைதானே, எடுத்துக்கினு போ" என்றார். பஸ் மேலே போட்டுக் கயிறு கட்டி எடுத்துவந்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கிளியனூர் போனேன். பத்தொன்பது தாளையும் எடுத்துக்கொண்டேன்.

களத்தில் மல்லாட்டைச் செடி குவிந்திருந்தது. அவனும் அவன் அம்மா பொன்னியும் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பொன்னி எழுந்துவிட்டாள். "வா, வா. இன்னும் என்ன மிச்சம் இருக்குது? எம்புள்ளயைத் திருடன்னு சொன்ன, சந்தோசமா? ஊர்ல ஒருத்தி என்னைக் கேட்டா, மகன் என்னத்தைத் திருடினான்னு. காயிதம்னு சொன்னேன். சிரிச்சிட்டுப் போறா."

கீழே உட்கார்ந்து ஒரு செடியை எடுத்துக் காய் ஆய ஆரம்பித்தேன். வேறென்ன பண்ணுவது? ரொம்ப நேரம் ஆய்ந்தோம். கூடை நிறைந்தது.

"தம்பி, தப்பு எம்மேல" என்றேன்.

"உடுங்கம்மா. உங்களுக்கு இருந்த பேஜாரு எனக்குத் தெரியும்."

"அன்னிக்கி ஏன்பா நீ எடுத்தேன்னு சொன்ன?"

"பின்ன, அவங்க எடுத்தாங்கன்னா சொல்லச் சொல்றீங்க? அவங்க அம்மாவை நிக்க வச்சிக்கினு?"

பொன்னி அப்போதுதான் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியாது போல.

தாள்களைக் கொடுத்தேன். எவ்வளவு தாங்குமோ அவ்வளவு போடு என்றேன். அவன் தலையை ஆட்டினான். "உப்புக்காடு முழுசா போடலாம்மா. அதான் இத்தினி நாளா எனக்குப் புரியல. மலை, கோட்டைன்னு ஒவ்வொண்ணுக்கும் மிஷின்ல எடம் வேணும். ஒண்ணுமில்லாத நெலத்துக்கு எடமே வேணாம். இங்கேருந்து இதுவரைக்கும் வெறும் நெலம்னு ஒரு தரம் சொன்னா போதும். அவங்க கரெக்ட்டாதான் சொல்லியிருக்காங்க. நான்தான் வெட்டு வெட்டுன்னு குதிச்சேன்."

கேட்க வாய் வராததைக் கேட்டுவிட்டேன். "உங்களுக்குள்ள வேற ஏதாவது..."

காய் ஆய்கிற கை நின்றது. "இந்த ஆடி போனதும் பொண்ணு கேட்டு வரலாம்னு இருந்தேம்மா" என்றான். பிறகு, "அவங்ககிட்டயே இன்னும் கேக்கல" என்றான்.

பொன்னி எனக்கு ஒரு முறம் காய் கட்டிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 11

அவன் கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை. உன்னைப் பெற்றவளுக்கே தெரியவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தேவநாதன் பாண்டிச்சேரி கூட்டிப்போனான். இப்போது அங்கே மாமா மகனுடைய ரேடியோ ரிப்பேர் கடையில்தான் வேலை, சம்பளம் முன்னைவிடக் குறைவு. அவன் சொல்லவில்லை. மாமா மகன் சொன்னான்.

டிவியில் கறுப்பு. ஒரு கேசட்டைப் போட்டார்கள், கீ என்று கத்தியது, ரொம்ப நேரம். பிறகு ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. அதுதான் ஆளாம். என் விரலைப் பிடித்து ஒரு பட்டனில் வைத்து, "அழுத்திக்கினே இருங்கம்மா" என்றான்.

முதலில் கிணறு வந்தது, கோட்டை வந்தது. ஏதோ இங்கிலீஷ் எழுத்து வந்தது, அவன் படித்துச் சொன்னான். பிறகு உப்புக்காடு. ஒன்றும் இல்லை. புள்ளி போகிறது, போகிறது. விரல் வலிக்க ஆரம்பித்தது. மாமா மகன் எழுந்து டீ வாங்கப் போனான். "இதைத்தான் வெட்டலாம்னு இவனும் சொல்றான்" என்றான் தேவநாதன், சிரித்துக்கொண்டே. "வெட்டாதே" என்றேன். அவ்வளவு நேரம் ஒன்றுமே இல்லாமல் போன பிறகு தூரத்தில் ஒரு சின்னக் கோடு, கூரை மாதிரி, தெரிந்தபோது எனக்கு வாய் தானாகச் சிரித்துவிட்டது. நீ ஒரு ஆட்டம் வா என்று கூப்பிட்டது இதற்குத்தானா?

கூரைக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் போனதும் புள்ளி நின்றுவிட்டது. அழுத்தினால் நகரவில்லை. டிவியின் ஓரத்தில் பொடியாக 20 என்று வந்தது.

"சுவர் வைக்கறதா, கடல் வைக்கறதான்னு யோசிச்சேம்மா. எதையாவது வச்சு முடிக்கணும் இல்ல? மனசு வரல. அவங்க நம்பரையே வச்சிட்டேன்" என்றான்.

வீட்டுக்கு வந்து உன் பலகையைச் சுவரில் சாத்தி, பத்தொன்பதாம் தாளை அதன் ஓட்டையில் குத்தியிருக்கிறேன். அதை மட்டும் அவன் பார்த்து எழுதிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டான். துடைக்கும்போது மரத்தில் துணி படாமல் பார்த்துக்கொள்கிறேன். கை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அந்தக் கையைப் பார்த்தால் அவள் யாரையும் கூட்டிக்கொண்டு போகிறமாதிரி தெரியவில்லை. அவளைத்தான் யாரோ கூட்டிக்கொண்டு போகிறார்கள்.

முன்னால இழுத்துக்கினு போறது யாரு, சிட்டு?